ஊதுறவங்களுக்கு ஒரு பேர்

மார்ச் 4

அன்புள்ள மூக்கனுக்கு,

அக்கா எழுதுறேன். நானும் மாமாவும் சௌக்கியம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கீங்க? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நாப்பத்தாறு வயசாச்சு, இன்னும் மூக்கன்னு கூப்பிடுறாளேன்னு முறைக்காத. இருபத்தி நாலு மணி நேரமும் புத்தகத்துக்குள்ள மூக்கை விட்டுக்கிட்டு, கடைசியில அகராதி ஆபீஸ்லயே போய் உக்காந்துட்ட. வேற எப்படிக் கூப்பிடுறது?

பெரிய சேதி! இந்த ஊர்ல புல்லாங்குழல் வாசிக்கிற பதினாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிக்கிறோம். போன மாசம் கூடினப்ப என்னைத் தலைவராக்கிட்டாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், ரொம்பச் சத்தமா சொல்லல. மே 18 திறப்பு விழா. மேடையில நின்னு சங்கத்தோட பேரை நான்தான் அறிவிக்கணும்.

பேருதான் தகராறு. வயலின் வாசிக்கிறவங்களை வயலின்காரர்னா முடிஞ்சுது. நாங்க மட்டும் 'புல்லாங்குழல் இசைக் கலைஞர்கள்'னு ரயில் பெட்டி மாதிரி நீளமா போகணுமா? எங்களுக்குன்னு சின்னதா ஒரு சொல் கிடையாதா? உன் ஆபீஸ்ல சொல் எழுதி வச்சிருக்கிற சீட்டுப் பெட்டியெல்லாம் கவுத்துப் பாரு. அது எங்கேர்ந்து வந்தது, யார் சொன்னது, எல்லாம் வேணும்.

கடிதமாவே எழுது. போன்ல பேசினா காத்தோட போயிடும். சீக்கிரம்!

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.
அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க ரெண்டு பேரும் நலம். அம்மா முட்டிக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டே "தலைவர் அம்மாவாக்கும் நான்"னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்குற மாதிரி சொல்லிக்கிட்டிருக்காங்க.

உன் கடிதம் வந்ததுலேர்ந்து எனக்கு ஆபீஸ்ல வேற வேலை ஓடல. அதுவும் எந்த நேரத்துல கேட்டிருக்க தெரியுமா? நாங்க இப்ப 'கு' வரிசையில நிக்கிறோம். அச்சுக்கு இந்த ஜூன்ல போகுது!

முதல்ல உன் கருவியோட பேரு. மூங்கில் மரம் இல்ல, புல். வெளிப்பக்கம் கெட்டியா, உள்ளே கூடா இருக்கிறதையெல்லாம் பழைய இலக்கணக்காரங்க புல்லுன்னே வச்சாங்க. புல்லால ஆன குழல், அதான் புல்லாங்குழல். மூங்கிலுக்கு 'வேய்'னும் பேர் உண்டு. அதனால 'வேய்ங்குழலோன்'னு உங்களைச் சொல்லலாம். குழலுக்கு இன்னொரு பேர் வங்கியம். அப்ப 'வங்கியக்காரர்'. எப்படி இருக்கு? கம்பீரமா இல்ல? சும்மா 'குழலிசைப்பவர்'னும் சொல்லலாம்.

மூணு தடவை போன் பண்ணேன், அடிச்சுக்கிட்டே இருந்துது. அம்மா உன் குரலைக் கேக்கணும்ங்கிறாங்க. ஒரு ரெண்டு நிமிஷம் பேசேன்.

மாமாவைக் கேட்டதாச் சொல்லு.
தம்பி

மார்ச் 19

அன்புள்ள மூக்கனுக்கு,

நலம். நலம்தானே?

ஒண்ணும் சரியில்லடா! வேய்ங்குழலோன்னா ஏதோ ராஜா வேஷம் கட்டின மாதிரி இருக்கு. வங்கியக்காரர்னா வங்கியில கணக்கு வச்சிருக்கிறவர்னு நினைச்சுப்பாங்க. குழலிசைப்பவர் வேண்டவே வேண்டாம். எங்க சங்கத்துல ஒரு நெட்டையர் இருக்கார், ஆறடிக்கு மேல, பேச்சும் அதே உயரம். அவர் 'ஃப்ளூட்டிஸ்ட்'னே வச்சுக்கலாம்ங்கிறார். என் உயிர் இருக்கிற வரைக்கும் அது நடக்காது. இன்னொருத்தர் 'குழல் வித்வான்'ங்கிறார். அதுவும் கிடையாது.

எனக்கு வேண்டியது லேசான சொல். வாய்க்குக் கஷ்டம் கொடுக்காம நாக்குலயே முடிஞ்சு போகணும். புரியுதா? தேடு.

என் வகுப்பைக் கொஞ்ச நாளைக்கு இன்னொரு டீச்சர் பாத்துக்கிறாங்க. சங்க வேலை தலைக்கு மேல. போன் பத்திக் கேட்ட. அது கொஞ்ச நாளா மக்கர். அம்மாகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லு.

அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். நீ எப்படி இருக்கேன்னு எழுதுறதே இல்ல, 'நலம்'னு ஒத்தைச் சொல்லைத் தூக்கிப் போட்டுட்டு ஓடிடுற. போகட்டும்.

கிடைச்சுது! சாப்பாட்டு வேளையில சீட்டுப் பெட்டிக்கு முன்னாடி உக்காந்தவன் எழுந்திருக்கவே இல்ல. ஆட்டமேடையைப் பத்திச் சொல்ற ஒரு பழைய காப்பியத்துல யாழ் வாசிக்கிறவன் யாழோன், குழல் ஊதுறவன் குழலோன்னு வரிசையா வராங்க. ஆனா 'ஓன்'னு முடியுறதால அது ஆம்பளைக்கு மட்டும். 'குழலூதி'ன்னும் ஒண்ணு இருக்கு.

பொம்பளைக்கு? இலக்கணப்படி பாத்தா 'குழலி'. ஆனா அந்த இடத்துல ஏற்கெனவே ஆள் உக்காந்திருக்கு. குழல்னா கூந்தல்னும் அர்த்தம். அழகான கூந்தல் உள்ளவதான் குழலி. உன் எலிவாலுக்கு அந்தப் பேரைக் கொடுத்தா அகராதியை யாரும் நம்ப மாட்டாங்க.

அப்பதான் தோணுச்சு. ரெண்டு பேருக்கும் பொதுவா, 'குழலர்'! குழாய், குழி, குழல் எல்லாமே உள்ளே கூடா இருக்கிற ஒரே குடும்பம்னு எங்க பதிப்பாசிரியர் அம்மா சொல்லுவாங்க. அதுல சண்டை போடுறவங்களும் இருக்காங்க. ஆனா சொல் சுத்தம். எங்க அகராதியில இந்த அர்த்தத்துல அது இல்ல. அச்சுல வந்த ஆதாரம் ஒண்ணு மே கடைசிக்குள்ள கிடைச்சா சேத்துடலாம். என் அக்காவோட சொல், என் அகராதியில! நினைச்சாலே கை பரபரக்குது.

சொல்லு, எப்படி இருக்கு?
தம்பி

ஏப்ரல் 6

மூக்கா, என் தங்கமே,

குழலர்! குழலர்! குழலர்! கண்ணாடி முன்னாடி நின்னு அம்பது தடவை சொல்லிப் பாத்தேன். மாமா வந்து "யாரோட பேசுற?"ன்னு எட்டிப் பாத்தார். என்ன சொகமா இருக்குடா! குழலோனும் குழலூதியும் மோசமில்ல. ஆனா ஒண்ணு ஆம்பளைக்கு மட்டும், இன்னொண்ணு அடுப்பு ஊதுற மாதிரி இருக்கு. குழலர்தான்.

முந்தாநாள் செயற்குழு கூடுச்சு. தொண்டை கட்டியிருந்ததால எல்லாத்தையும் காகிதத்துல எழுதிட்டேன். மாமாதான் படிச்சார். டிப்போவில பஸ் நேரம் அறிவிச்ச பழக்கம், ஒவ்வொரு வரிக்கும் நடுவுல நிறுத்தி நிறுத்தி, வண்டி கிளம்பப் போற மாதிரியே படிச்சார். நெட்டையர் எழுந்து, "தலைவர் வாயைத் திறந்து பேச மாட்டாங்களா? ஊமைத் தலைவரா நமக்கு?"ன்னார். நான் மூக்கு வரைக்கும் துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு முறைச்சேன். பாதிப் பேருக்குப் பிடிச்சிருக்கு, பாதிப் பேர் யோசிக்கிறாங்க. திறப்பு விழா அன்னிக்குக் காலையில ஓட்டெடுப்பு.

நான் ஜெயிக்கப் போறேன். நீ உன் பெட்டியில இடம் விட்டு வை.

எல்லாரும் நலம்.
அக்கா

ஏப்ரல் 14

அக்கா,

நலம் விசாரிக்கிறதை இந்தத் தடவை கடைசியில வச்சுக்கிறேன்.

நேத்து உன் கடிதத்தையெல்லாம் மேசையில பரப்பி, நீ சரின்னு சொன்ன சொல்லையும் வேண்டாம்னு தள்ளின சொல்லையும் சீட்டுல எழுதித் தனித்தனியா வச்சேன். ஆபீஸ் புத்தி. எந்தக் காரணத்துக்காக நீ தள்ளினேன்னு பதிவுல குறிக்கலாம்னுதான்.

தள்ளினது: புல்லாங்குழல் கலைஞர், வேய்ங்குழலோன், வங்கியக்காரர், குழலிசைப்பவர், ஃப்ளூட்டிஸ்ட், வித்வான். எல்லாத்துலயும் ப, வ, இல்லாட்டி ஃப். சொல்லணும்னா உதடு வேலை செய்யணும். கோவப்படாம விட்டது: குழலோன், குழலூதி, குழலர். அதுல எதுலயும் அந்த எழுத்து இல்ல. "நாக்குலயே முடிஞ்சு போகணும்"னு நீயே எழுதியிருக்க.

போன் எடுக்கிறதில்ல. வகுப்புக்குப் போறதில்ல. கூட்டத்துல மாமா படிக்கிறார். துப்பட்டாவால வாயை மூடிக்கிற.

அக்கா, உன் வாய்க்கு என்ன ஆச்சு?

அப்பாவுக்கு முதல்ல வாய்தான் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. எனக்கு மறக்கல. உனக்கும் மறந்திருக்காது. அம்மாகிட்ட இன்னும் ஒரு வார்த்தை சொல்லல. நீ எப்படி இருக்க? உண்மையா.

தம்பி

ஏப்ரல் 25

அக்கா,

பதினோரு நாளாச்சு, பதில் இல்ல. நேத்து போன் பண்ணேன். மாமா எடுத்தார், அக்கா குளிக்கிறான்னார். ஒரு மணி நேரம் கழிச்சுப் பண்ணேன், குளிக்கிறான்னார். சாயங்காலமும் குளிக்கிற. பாவம், அவருக்குப் பொய் சொல்லத் தெரியல, குரல் நடுங்குது.

அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துட்டேன்.

தம்பி

ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

பயப்படாத. அப்பாவுக்கு வந்தது இல்ல. இதை முதல் வரியிலேயே எழுதணும்னு மாமா பக்கத்துலயே நிக்கிறார்.

பிப்ரவரி கடைசியில ஒரு நாள் காலையில பல் தேய்ச்சுட்டு வாய் கொப்பளிச்சேன். தண்ணி இடது ஓரமா தானா ஒழுகிச்சு. கண்ணாடியில பாத்தா இடது பக்கம் முகமே எறங்கிக் கிடக்குது, கண் மூட மாட்டேங்குது. அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. மாமா தூக்காத குறையா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். டாக்டரம்மா புருவத்தைத் தூக்கச் சொன்னாங்க, சிரிக்கச் சொன்னாங்க, கை காலையெல்லாம் தட்டிப் பாத்தாங்க. மூளையில ஒண்ணும் இல்ல, முகத்து நரம்பு வீங்கியிருக்கு, இது முகவாதம்னாங்க. முக்கால்வாசிப் பேருக்குச் சில மாசத்துல சரியாயிடுமாம். மாத்திரை சாப்பிட்டேன். தினமும் கண்ணாடி முன்னாடி கன்னத்தை உப்பிப் பழகுறேன். உப்புறது வலது பக்கம் மட்டும்தான்.

முதல் வாரம் வகுப்புக்கு வர முடியாதுன்னு இசைப் பள்ளிக்கு போன் பண்ணேன். "புல்லாங்குழல் வகுப்பு"ன்னு சொல்ல வந்தா "ஹுல்லாங்குழல் அகுஹ்ஹு"ன்னு வருது. எடுத்த கிளார்க் யாரோ விளையாடுறாங்கன்னு நினைச்சு, சிரிச்சு, வச்சுட்டார். முப்பத்தொரு வருஷமா அந்தக் கருவியோட இருக்கேன், அதோட பேரை என்னால சொல்ல முடியல. அன்னிக்குத்தான் உனக்கு எழுதலாம்னு தோணுச்சு. நான் சொல்லக்கூடிய ஒரு பேர் எங்கேயாவது இருக்கும்னு. எழுத்துல மட்டும்தான்டா எனக்கு 'ப' வருது.

குழலை வாயில வச்சேன். காத்தெல்லாம் இடது ஓரமாப் போயிடுது. ஒரு சுரம்கூட இல்ல. பெட்டியில வச்சு மூடிட்டேன்.

ஆனா நான் உனக்கு எழுதின சந்தோஷம் ஒண்ணும் பொய் இல்ல. உன் கடிதம் வர்ற நாள்ல மட்டும்தான் நான் கண்ணாடி பாக்க மறந்தேன்.

வராதன்னு சொன்னா கேக்க மாட்ட. வா. அம்மாகிட்ட நீயே பக்குவமா சொல்லு.

அக்கா

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க பத்திரமா வந்து சேந்தோம். அம்மா ரயில்ல தூங்கிட்டே வந்தாங்க, எனக்குத்தான் தூக்கம் இல்ல.

உன் வீட்டு வாசல்ல நிக்கும்போது அம்மா அழுது ஊரைக் கூட்டப் போறாங்கன்னு நினைச்சேன். அவங்க உன் தாடையைப் பிடிச்சு வெளிச்சத்துல திருப்பி, "சின்ன வயசுலேர்ந்தே பொய் சொன்னா இவளுக்கு இப்படித்தான் வாய் கோணும்"னாங்களே! நீ சிரிச்ச, பாதி வாயால. அப்புறம்தான் அவங்க அழுதாங்க. உன்னைவிட மாமா அதிகமா அழுதார், "இனிமே நீ குளிக்கிறேன்னு சொல்ல வேண்டாம்ல"ன்னு.

ஒண்ணு கேக்கணும்னு நினைச்சு அங்க வச்சுக் கேக்கல. விழாவுல நீ பேசணும்னு கட்டாயமா? மாமா படிக்கட்டுமே. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

ஆபீஸ் விஷயம்: பதிப்பாசிரியர் அம்மாகிட்ட குழலர் சீட்டை நீட்டினேன். "உங்க அக்கா கடிதம் ஆதாரம் ஆகாது. அச்சுல காட்டுங்க"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. மே 31 கெடு. அந்த அம்மாவுக்கு மனசு இருக்கு, ஆனா அது முப்பத்தி ரெண்டாம் பக்கத்துல அடிக்குறிப்பாத்தான் இருக்கும்.

மாத்திரையை விடாத. கண்ணுக்கு மருந்து ஊத்திக்கோ.
தம்பி

மே 20

அன்புள்ள மூக்கனுக்கு,

எல்லாரும் சௌக்கியம், இந்தத் தடவை நிஜமாவே!

கேளு. விழா அன்னிக்குக் காலையில ஓட்டெடுப்பு. மாமா காகிதத்தோட எழுந்தார். எனக்கு என்ன வந்துச்சோ, அவர் கையைப் பிடிச்சு உக்கார வச்சுட்டேன். துப்பட்டாவை எடுத்துட்டு முன்னாடி போய் நின்னேன். பதிமூணு பேரும் பாக்குறாங்க. "ஹுல்லாங்குழல்"னேன். "என்னால இதை இப்போதைக்கு இப்படித்தான் சொல்ல முடியும். முகவாதம். ரெண்டரை மாசமா ஊதல. நான் சொல்லக்கூடிய பேரைத் தேடினேன், குழலர்னு கிடைச்சுது. உங்களுக்குப் பிடிச்சா அதை வைங்க. எனக்காக வைக்காதீங்க"ன்னேன். பாதி எழுத்து காத்தாத்தான் போச்சு. புரிஞ்சுக்கிட்டாங்க.

நெட்டையர் எழுந்தார். வாய்க்குள்ள கையை விட்டு முன்பல் நாலையும் கழட்டி உள்ளங்கையில வச்சுக் காட்டினார்! நாலு வருஷமா கட்டுப்பல்லாம். முதல் எட்டு மாசம் மேல் சுரமே வராம, கச்சேரிக்கெல்லாம் ஜுரம்னு சொல்லி ஒளிஞ்சாராம். பொண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியுமாம். "ஊமைன்னு சொன்னதுக்கு மன்னிக்கணும்"னு பல்லில்லாத வாயால சொன்னார். எனக்குப் புரிஞ்சதைவிட மத்தவங்களுக்குக் கம்மியாத்தான் புரிஞ்சிருக்கும். பல்லை மாட்டிக்கிட்டு, "ஆனா என் ஓட்டு ஃப்ளூட்டிஸ்ட்டுக்குத்தான்"னார் மனுஷன்!

ஒம்பதுக்கு அஞ்சு. ஜெயிச்சுட்டோம். சாயங்காலம் மேடையேறி நானே அறிவிச்சேன், "குழலர் சங்கம்". குழலர்ல ஒரு எழுத்து பிசகல. மறுநாளே அச்சடிச்ச நோட்டீஸ் ரெண்டு உள்ளே வச்சிருக்கேன். ஒண்ணு அம்மாவுக்கு. இன்னொண்ணை உன் பதிப்பாசிரியர் அம்மா மூக்குக்கு நேரா பிடி.

அக்கா

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா உன் நோட்டீஸைக் கண்ணாடி போட்டு மாட்டணும்ங்கிறாங்க. ஆணி அடிச்சாச்சு.

பதிப்பாசிரியர் அம்மா ரெண்டு தடவை படிச்சாங்க. அச்சகத்தோட பேர் இருக்கா, தேதி இருக்கான்னு பாத்தாங்க. "ஒரு ஆதாரம் போதுமா?"ன்னாங்க. எனக்கு எங்கேர்ந்துதான் தைரியம் வந்துச்சோ, "தங்களைத் தாங்களே என்ன கூப்பிட்டுக்கணும்னு பதினாலு பேர் ஓட்டுப் போட்டு முடிவு பண்ணியிருக்காங்க. இதைவிட நல்ல ஆதாரம் இந்தப் பெட்டியில வேற எதுக்கு இருக்கு?"ன்னு குரலை உயர்த்திட்டேன். ஆபீஸே திரும்பிப் பாத்துது. அவங்க பேனாவைத் திறந்து சீட்டோட ஓரத்துல கையெழுத்துப் போட்டாங்க. ப்ரூஃப் வந்தாச்சு:

குழலர் (பெ.) புல்லாங்குழல் வாசிப்பவர், ஆண், பெண் இருவருக்கும் பொது.

ஒரே ஒரு வரி. அதைக் கத்தரிச்சு இதோட வச்சிருக்கேன். இதுக்குப் பின்னாடி என்ன நடந்துச்சுன்னு வாங்கிப் படிக்கிற யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

குழலை எடுத்துப் பாத்தியா?
தம்பி

ஜூலை 9

அன்புள்ள மூக்கனுக்கு,

சௌக்கியம். அம்மாவுக்கு நமஸ்காரம். இந்தக் கடிதத்தைச் சத்தமாப் படிச்சுக் காட்டு.

ஜூன் 12 காலையில குழலை எடுத்தேன். காத்து, காத்து, வெறும் காத்து. நாலாவது நாள் கீழ்ச்சுரம் ஒண்ணு லேசா முனகுச்சு. மாமா குளியலறையிலேர்ந்து சோப்பு நுரையோட ஓடி வந்தார். இந்தத் தடவை நிஜமாவே குளிச்சுக்கிட்டிருந்தார். அப்புறம் தினமும் கால் மணி நேரம். 'ப' வந்துடுச்சு, 'ம' இன்னும் கொஞ்சம் நொண்டுது.

நேத்து சங்கத்தோட முதல் கச்சேரி. பதினாலு குழலரும் ஒரே மேடையில. நான் வாசிக்கல, சும்மா கூட உக்காந்துக்கிறேன்னுதான் சொன்னேன். "கூட்டத்தோட கூட்டமா ஊதுங்க, எது உங்க சத்தம்னு யாருக்குத் தெரியப் போகுது"ன்னு நெட்டையர் தன் பக்கத்துலயே இடம் போட்டார். அது நியாயமாத்தான் பட்டுது. கண்ணை மூடிக்கிட்டு ஊதினேன். எல்லாரோட சத்தத்துக்குள்ளயும் என்னோடது ஒளிஞ்சுக்கிச்சு.

நடுவுல ஒரு மெதுவான இடம். திடீர்னு பக்கத்துல சத்தம் நின்னுச்சு. நெட்டையர் குழலை மடியில வச்சுட்டார். அவரைப் பாத்து அடுத்தவர், அதுக்கடுத்தவர். ஒவ்வொருத்தரா எறக்கி வச்சுட்டாங்க. என் குழல் மட்டும் கேக்குது. நிறுத்தினா அசிங்கம், ஊதினா பயம். ஊதினேன்டா. ஒரு நிமிஷம் இருக்கும். பாதி சுரம், பாதி காத்து. அப்புறம் பதிமூணு பேரும் ஒண்ணாச் சேந்துக்கிட்டாங்க.

எறங்கி வர்றப்ப நெட்டையர் குனிஞ்சு, "தலைவரே, காத்துதான் கொஞ்சம் ஜாஸ்தி"ன்னார்.

சிரிச்சேன். மாமா என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னார். "என்ன?"ன்னேன். "ரெண்டு பக்கமும் சிரிச்ச"ன்னார்.

அக்கா